மாமி வீட்டு நீல நெருப்பு

மனே,

நலம் விசாரிப்பதைப் பின்னால் வைத்துக்கொள்கிறேன். முதலில் அந்த நெருப்பு. தன்னாமுனையில், உன் மாமி வீட்டுக் குசினியில், ஒரு குழாயைத் திருகினால் வருகிற நீல நெருப்பு. புகை இல்லை. பெரிய சத்தமும் இல்லை. உன் கலியாணத்துக்குப் பிறகு நான் மூன்றாவது முறை அங்கே வந்தபோது உன் மாமி அதில் கேத்தலை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "மூணு மாட்டுச் சாணிதான் சம்மந்தி. வேற ஒண்டும் இல்ல." கரடியனாற்றில் என் மாட்டுப் பட்டியில் அதைப்போலப் பத்து மடங்கு சாணி கிடக்கிறது. மாரியில் கரைந்து வாய்க்காலுக்கு ஓடுகிறது, கோடையில் காய்ந்து தூளாகிறது. நான் தயிருக்குப் பால் காய்ச்சுவது விறகில். ஒவ்வொரு நாளும் கண் எரியும். அன்று உன் மாமியின் குசினியிலும் கண் எரிந்தது. அங்கே புகை இல்லை.

பொறாமை. இந்தச் சொல்லை எழுதிவிட்டுக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தவள் நான். மனிதர்களின் சின்னத்தனத்தைப் பற்றிப் பெரிய பெரிய கட்டுரைகள் எழுதி நல்ல புள்ளிகள் வாங்கியவள். ஐம்பத்திரண்டு வயதில் அந்தச் சின்னத்தனம் என் மடியில் வந்து உட்காரும் என்று எந்தக் கட்டுரையிலும் எழுதவில்லை. நம் பக்கத்தில் ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் பெண்வீட்டுக்குத்தான் போவான். இது எனக்குத் தெரியாததா? உன் அப்பாவும் அப்படித்தான் என் வீட்டுக்கு வந்தார். அன்று அவருடைய அம்மா என்ன நிறச் சேலை உடுத்தியிருந்தார், எந்தப் பக்கம் நின்றார், அழுதாரா, ஒன்றும் எனக்கு நினைவில்லை. நான் பார்க்கவே இல்லை. உன் கலியாணத்தில் என் சேலை என்ன நிறம் என்று உன் மனைவியிடம் ஒருநாள் கேட்டுப்பார். அவளுக்கும் தெரியாது. அவளில் பிழை இல்லை.

நீ போனதைத் தாங்கிக்கொண்டேன். நீ படித்ததும் உன்னோடு போனதைத்தான் தாங்க முடியவில்லை. அந்த மூன்றாவது முறை உன் மாமி என்னைத் தொழுவத்துக்குக் கூட்டிப்போனார். வாவிக் காற்று நேராக வந்து விழுகிற இடம். மூன்று மாடுகள், அவற்றின் காலுக்குக் கீழே றப்பர் விரிப்பு. சுவரில் சோக்கட்டியால் உன் கையெழுத்து: காலைப் பால், மாலைப் பால், தீனி. சாணிக் குழிக்கு மூடி, அதிலிருந்து குசினிக்கு வாயுக் குழாய். மூலையில் பொலித்தீனால் இறுக மூடிய வைக்கோல் குவியல். "யூரியாத் தண்ணி தெளிச்சு மூணு கிழமை மூடி வைக்கிறது. உங்கட மகன் சொல்லித் தந்ததுதான். வைக்கோல் பஞ்சு மாதிரி ஆகும். லேசாச் செமிக்கும்" என்றார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். பிறகு சொன்னார்: "மீதேன் கூட வாறது ஏப்பத்திலதான் சம்மந்தி. எல்லாரும் பின்னால வாறது எண்டுதான் நினைச்சிட்டிருக்காங்க. நானும் அப்பிடித்தான் நினைச்சன். உங்கட மகன் சிரிச்சிட்டார்."

நீ சிரித்திருக்கிறாய். அங்கே, அந்த விரிப்பின் மேல் நின்று. மீதேன் என்ற சொல்லை உன் வாயிலிருந்து முதலில் கேட்டவள் நான். உன் பல்கலைக்கழக இரண்டாம் வருட விடுமுறையில், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. பூமியைச் சூடாக்குகிற வாயு, அதில் மாட்டுக்கும் பங்கு உண்டு என்று தொடங்கினாய். "மாடு ஏப்பம் விட்டா உலகம் அழியுமோ? அப்ப உன்ட அப்பா விட்ட ஏப்பத்துக்கு எப்பவோ அழிஞ்சிருக்கணும்" என்றேன். நீயும் அன்று சிரித்தாய்தான். ஆனால் மேலே சொல்லவில்லை. சோற்றைப் பார்த்துச் சாப்பிட்டு எழுந்துவிட்டாய். உன் மாமி சிரிக்கவில்லை, கேட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் அவ்வளவுதான். மூன்று மாடும் சேர்ந்து என் ஒன்பது கறவை மாட்டைவிடக் கூடப் பால் தருகின்றன. அதற்குக் காரணம் அந்த வித்தியாசமாகவும் இருக்கலாம். நான் தேத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்தேன், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று. பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. தரிப்பிடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து சீனித்தம்பி அண்ணனிடம் சொன்னேன். உன் அப்பா காலமான பிறகு என்னோடு பட்டியைப் பார்ப்பவர் அவர் ஒருவர்தானே, வேறு யாரிடம் சொல்ல. "அவங்க என்ட மகனையும் எடுத்து, அவன்ட படிப்பையும் எடுத்து, பட்டிக்கு வந்த மீதேன் குறைக்கிற திட்டத்தையும் எடுத்திட்டாங்க அண்ணே." அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "திட்டம் எடுத்தாங்களோ, நாம விட்டமோ?" என்றார். நான் பால் வாளியைக் கழுவப் போய்விட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கடிதம். இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. ஒரு பிரதி உன் மேலதிகாரிக்குப் போகிறது. இன்னொன்றைப் பால் சங்கத்தின் மாதச் செய்திமடலுக்குக் கொடுக்கிறேன். பொய்யை நாலு பேர் முன்னால் சொன்னேன். உண்மையை உன் காதில் மட்டும் சொல்லித் தப்பிக்கக்கூடாது.

உனக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் நூறுவரை எண்ணப் பழகியிருந்தாய். எதைக் கண்டாலும் எண்ணினாய். படி, மீன், பஸ்ஸில் இருக்கிற தலைகள். ஒரு பின்னேரம் மாடுகள் பட்டிக்கு ஏறிக்கொண்டிருந்தன. நீ பட்டி வாசல் கடப்பில் ஏறி நின்று விரலை நீட்டிச் சத்தமாக எண்ணத் தொடங்கினாய். பத்தொன்பதோ இருபதோ, அந்த இடத்தில் நான் உன் கையில் அடித்தேன். மாட்டை எண்ணக்கூடாது. நம் பட்டிகளில் யாரும் எண்ணுவதில்லை. எத்தனை என்று யாராவது கேட்டால், "கொஞ்சம் கிடக்கு" என்போம். எண்ணாமலே எது வரவில்லை என்று தெரியும். எண்ணிச் சொன்னால் கண்ணூறு பட்டு மாடு குறைந்துவிடும். நான் அதை நம்பினேனா? முழுக்க இல்லை. ஆனாலும் கை தானாக எழுந்தது. நீ அழவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாய்.

மூன்றாம் நாள் அந்தச் செவலைப் பசு செத்தது. வயிறு ஊதி, கால் உதறி, ஒரு மணித்தியாலத்துக்குள். நீ தூரத்தில் நின்று பார்த்தாய். சாப்பிடும்போது, "நான் எண்ணினதாலதானே அம்மா?" என்று கேட்டாய். உனக்குச் சோறு போட்டேன். மனே, அந்தப் பசு எதனால் செத்தது என்று எனக்கு அன்றே தெரியும். வயலுக்கு வாங்கிய யூரியா மூட்டையைக் கட்டாமல் கொட்டிலில் வைத்தது நான். பசு அதைத் தின்றது. மூட்டையின் வாயில் அதன் நாக்குப் பட்ட ஈரம் இருந்தது. உன் அப்பாவுக்குத் தெரியாமல் மூட்டையைக் கட்டி ஒளித்தேன். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். இல்லையடா, நீ இல்லை. அதைச் சொன்னால் பிறகு யார் என்று வரும். அதனால் ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் ஒரு பசுவைப் போட்டேன்.

நீ படிப்பு முடித்து, மாட்டு வாயுவைக் குறைக்கிற இந்தத் திட்டத்தில் வேலைக்குச் சேர்ந்து, நம் பட்டியையே அதில் சேர்க்கப்போவதாகச் சொன்னபோது எனக்கு வந்த பெருமையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பிறகு நீ யூரியா வைக்கோல் என்றாய். நான் கத்தினேன். "யூரியாவோ? என்ட மாட்டைக் கொல்லப் போறியோ?" அளவு இருக்கிறது அம்மா, தண்ணீரில் கரைத்துத் தெளிப்பது அம்மா என்று நீ எவ்வளவோ சொன்னாய். நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்று உனக்கு விளங்கவில்லை. படிக்காத ஆட்களின் பயம் என்று நினைத்திருப்பாய். இப்போது விளங்கும்.

பிறகு நீ மேசையில் படிவத்தை விரித்தாய். மொத்தம் எத்தனை மாடு, கறவை எத்தனை, ஒரு நாளைக்கு எத்தனை லீற்றர். பட்டி இருபது அடி தூரத்தில் இருந்தது. எழுந்து போய் நீயே எண்ணியிருக்கலாம். எண்ணுவதுதான் உன் தொழில். கரடியனாற்றிலும் அதற்கு அங்காலும் எல்லாருடைய பட்டியையும் எண்ணினாய், என் பட்டியை மட்டும் எண்ணவில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாய். ஏன் என்று உனக்கே தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியும். நான் அடித்த கை அது.

"இருபத்திநாலு" என்றேன். "அவ்வளவுதானா அம்மா?" "அவ்வளவுதான்." அது மாரி வெள்ளாமைக் காலம். வயலில் பயிர் நிற்பதால் பால் தராத பதினேழையும் சீனித்தம்பி அண்ணன் தூர மேய்ச்சல் தரைக்குக் கொண்டுபோயிருந்தார். கண்ணில் படாததைச் சொல்லாமல் விட்டேன். எண்ணிச் சொல்லக்கூடாது என்ற பழக்கம் ஒரு காரணம், ஆனால் சின்னக் காரணம். பெரிய காரணம் வேறு. பால் தராத மாட்டைக் கழிக்க வேண்டும் என்று நீ முதல்நாள் சொல்லியிருந்தாய். எங்கே கழிப்பது என்று கேட்டேன், நீ நிலத்தைப் பார்த்தாய். அவை எங்கே போகும் என்று நம் இருவருக்கும் தெரியும். அதைவிடவும் பெரிய காரணம் ஒன்று, சொல்ல வெட்கமானது. உன் படிவத்தில் நல்ல பட்டிக்காரியாக நிற்க ஆசைப்பட்டேன். ஒரு லீற்றர் பாலுக்கு எவ்வளவு வாயு என்பதுதானே உன் கணக்கு. பால் தராத மாடும் தின்கிறது, அசைபோடுகிறது, ஏப்பம் விடுகிறது. அந்தப் பதினேழையும் மறைத்தால் என் பால் மாவட்டத்திலேயே சுத்தமான பால். அப்படித்தான் வந்தது. நீ சந்தோசமாக வந்து சொன்னாய். நான் அன்று பாற்சோறு செய்தேன்.

ஒரு வருடம் நீ அந்தக் கணக்கின் மேல் கட்டினாய். நான் அந்தப் பதினேழையும் தூரத்திலேயே நிறுத்திவைத்தேன். மாட்டுத் தீனிக்குக் கிளிசரிடியா வேலி போட்டாய், தண்ணீர்த் தொட்டி கட்டினாய், ஒவ்வொரு கிழமையும் அளந்து எழுதினாய். உன் கலியாணமும் பேசி முடிந்திருந்தது. அடுத்த மாரி அறுவடை முடிந்து, தூரத்தில் புல்லும் தீர்ந்து, வயல் வட்டையில் அறுத்த தாள் மேய எல்லா மாடும் ஒன்றாக இறங்கின காலத்தில் உன் மேலதிகாரி சொல்லாமல் வந்தார். பின்னேரம். மாடுகள் பட்டிக்கு ஏறிக்கொண்டிருந்தன. அவர் பேனாவை நீட்டி எண்ணினார். சீனித்தம்பி அண்ணன் பதறி, "ஐயா, எண்ணாதீங்க ஐயா" என்றார். அவர் கேட்கவில்லை.

"நாப்பத்தொண்டு. தம்பி, நீங்க எழுதித் தந்தது இருபத்திநாலு. மாட்டைக் குறைக்கிற திட்டத்தில கூட்டி வச்சிருக்கீங்களே."

நான் முந்திக்கொண்டேன். "பசுக்கள் கண்டு போட்டிருக்கு ஐயா."

அவர் பட்டிக்குள் பார்த்தார். "பதினேழு கண்டும் கொம்போடயே புறந்ததோ அம்மா?"

எல்லாரும் சிரித்தார்கள். சாரதி சிரித்தார், பால் எடுக்க வந்தவர் சிரித்தார், சீனித்தம்பி அண்ணன் கூடச் சால்வையால் வாயை மூடிக்கொண்டார். நீ சிரிக்கவில்லை. ஒரு கிழட்டு நாம்பன் மாட்டின் தொடையில் சுட்டிருந்த குறியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நம் தாய்வழிக் குடியின் குறி. வயலுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே உன்னால் அதை வாசிக்க முடியும். வந்த மாடு இல்லை, வாங்கிய மாடு இல்லை, எப்போதும் நம்முடையது என்று உனக்கு அந்த இடத்திலேயே விளங்கியிருக்கும். நீ திரும்பி, "என்ட பிழை சேர். நான் சரியா எண்ணல்ல" என்றாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் இருந்தது. தாய்க்காகக் கணக்கை மாற்றினாயோ என்று அவர் சந்தேகப்பட்டார். சந்தேகத்தைச் சொல்லவில்லை. நம் பட்டியைத் திட்டத்திலிருந்து எடுத்தார், அவ்வளவுதான். உன் ஒரு வருடம் போயிற்று. கலியாணத்துக்குப் பிறகு அந்த இடத்துக்குத் தன்னாமுனை வந்தது. இது நடந்து இரண்டு வருடம். இரண்டு வருடமாக உன் மாமி திருடினார் என்று ஊர் முழுக்கச் சொல்லிவந்தேன். அவரும் கேள்விப்பட்டிருப்பார். ஆனாலும் ஒவ்வொரு முறையும் எனக்குத் தேத்தண்ணி வைத்தார்.

போன செவ்வாய்க்கிழமை உன் மாமி எனக்குத் தொலைபேசி எடுத்தார். மாவட்டம் முழுவதற்கும் உன்னைப் பொறுப்பாகப் போடப் பேசுகிறார்களாம். ஆனால் அந்தப் பழைய எண்ணிக்கை குறுக்கே நிற்கிறதாம். ஏன் பிழைத்தது என்று அடுத்த கிழமைக்குள் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்களாம். "எண்ணத் தெரியாத ஆளுக்கு எப்பிடிப் பொறுப்புக் குடுக்கிறது எண்டு கேக்கிறாங்களாம் சம்மந்தி. பிள்ளை ரெண்டு நாளாச் சரியாச் சாப்பிடல்ல." இதில் ஒரு சொல்லையும் நீ எனக்குச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேசினாயே, மழையைப் பற்றிக் கேட்டாயே. அதைச் சொல்லவில்லை. எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை. உன் நெஞ்சில் கிடக்கிறது அவருக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. அந்த எரிச்சல்தான் முதலில் வந்தது. தாய் என்ற சொல்லை மிகப் பெரிதாக எழுதுபவர்கள் இதையும் எழுத வேண்டும்.

"அவன் என்ன எழுதப் போறானாம்?" என்று கேட்டேன்.

"அதுதான் சம்மந்தி நான் போன் எடுத்தது. நீங்க கோவிக்கப்படாது. 'அம்மா மாட்டை எண்ணமாட்டா, அது அவங்கட பழக்கம். அது தெரிஞ்சும் எண்ணாம விட்டது என்ட பிழை. அப்பிடித்தான் எழுதுவன்' எண்டார். அதுக்கு மேல ஒண்டும் சொல்லமாட்டாராம். நான் வற்புறுத்தல்ல."

பிறகு நான் என்ன பேசினேன் என்று ஞாபகமில்லை. அந்த வசனம் எனக்குரியது. என்னைக் காப்பாற்ற நீ செய்த வசனம். அதுவும் தன்னாமுனையில்தான் இருந்தது, நீல நெருப்புக்குப் பக்கத்தில். அவர் அதை வைத்துக்கொள்ளவில்லை, கொண்டுவந்து என்னிடம் தந்தார். இரண்டு வருடம் திருடி என்று சொல்லிவந்த ஒருவரிடமிருந்து என் மகனை நான் வாங்கிக்கொண்டேன். அவர்மேல் இருந்த பொறாமை அதனால் போய்விட்டது என்று எழுதமாட்டேன். இன்னும் கூடியிருக்கிறது. முன்பு அவருடைய அடுப்பில் மட்டும் பொறாமை. இப்போது அவருடைய குணத்திலும்.

ஆகவே அந்த விளக்கத்தை நீ எழுத வேண்டாம். நான் எழுதிவிட்டேன். ஐயா, இதை வாசிப்பீர்கள் என்றால்: அந்த இருபத்துநான்கு என்னுடைய பொய். என் மகனுக்கு எண்ணத் தெரியும். எண்ணாதபடி ஏழு வயதில் அடித்து வைத்தது நான்.

மனே, உனக்கு இனிப் புத்தி சொல்லத் தகுதி எனக்கு அதிகம் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். பட்டி பட்டியாகப் போய் மாட்டைக் குறையுங்கள், வாயுவைக் குறையுங்கள் என்று சொல்லும்போது, உனக்கு முன்னால் இருப்பவர் பொய் சொல்வார். அவர் கெட்டவர் என்று நினைக்காதே. என்னை நினை. அந்த மாட்டில் அவருடைய குடியின் குறி இருக்கும். உன் முன்னால் நல்லவராகத் தெரியும் ஆசையும் இருக்கும். கழிப்பது என்று சொன்னால், எங்கே என்று அவர் கேட்பார். அப்போது நிலத்தைப் பார்க்காதே. அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல். காளைக்கன்று பெருகாமல் சினை ஊசி போடுவதா, மலட்டுப் பசுவை இன்னும் ஒரு வருடம் பார்ப்பதா, விற்பதா, எதுவாக இருந்தாலும் சொல்லிச் செய். என் பட்டியில் இரண்டு கிழட்டுப் பசுக்கள் இருக்கின்றன, அவற்றைப் பற்றிப் பேச வராதே. அவை இங்கேயே ஏப்பம் விட்டுச் சாகட்டும். மற்றவற்றைப் பற்றிப் பேசு. உடனே ஓம் என்று சொல்வேன் என்று நினைக்காதே. ஆனால் சிரிக்கமாட்டேன்.

சாணிக் குழிக்கு இடம் பார்த்துவிட்டேன், பட்டிக்கும் குசினிக்கும் நடுவில். உன் மாமியையும் கூட்டிக்கொண்டு வா. குழாய் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும். இதை எழுத எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று அவருக்குச் சொல்லாதே. வாசித்துத் தெரிந்துகொள்வார்.

நேற்றுப் பின்னேரம் மாடுகள் ஏறும் நேரம் நான் கடப்பில் நின்றேன். சீனித்தம்பி அண்ணன், "என்ன புள்ள செய்யிறாய்" என்று ஓடிவந்தார். கேட்கவில்லை. விரலை நீட்டிச் சத்தமாக எண்ணினேன், நீ எண்ணினது போல. பத்தொன்பதில் குரல் நின்றது, திரும்பத் தொடங்கினேன். கறவை ஒன்பது. சினை ஆறு. கன்று எட்டு. மற்றது இருபது. நாற்பத்து மூன்று, மனே. பிறகு வந்து படுத்தேன். விடியக் கறக்கப் போகும்போது அந்தச் செவலைதான் நினைவில் வந்தது. படலைத் திறந்தேன்.

நாற்பத்து மூன்றும் எழுந்து நின்றன.

அம்மா